கேமிங் மானிட்டரில் படம் வரவில்லையா? புதுசு வாங்குவதற்கு முன்னால் இத்தனையும் பாருங்கள்

"லைட் எரியுது அண்ணாச்சி, உள்ள ஃபேன் எல்லாம் சுத்துது, படந்தான் வரமாட்டேங்கு."

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற எனக்கு இந்த போன் வராத வாரம் கிடையாது. பெரும்பாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வரும், பேசுவது காலேஜ் படிக்கிற பையனாக இருப்பான், குரலில் ஒரு பயம் தெரியும், ஏனென்றால் அந்த மானிட்டர் அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்தது, தவணை இன்னும் முடிந்திருக்காது. அந்தப் பையன்களுக்கு போனில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். செத்துப்போச்சு என்று என்னிடம் வந்த மானிட்டர்களில் நிறைய சாகவே இல்லை, ஆனால் அதற்குள் சிலர் புது மானிட்டருக்குப் பணம் கட்டியும் முடித்திருந்தார்கள். அது எனக்கு இன்னும் மனசுக்கு ஆகவில்லை.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோளாறு மானிட்டரிலா, சிபியு பெட்டியிலா, நடுவில் கிடக்கிற கேபிளிலா என்று முதலில் பிரித்துவிட வேண்டும். இது தெரியாமல் ரேமைக் கழற்றுவதும் விண்டோஸ் போடுவதும் வீண் வேலை.

லைட்டைப் பாருங்கள்

மானிட்டரின் கீழ் ஓரத்தில் அல்லது பின்பக்கம் ஒரு சின்ன லைட் இருக்கும். அது மூன்று விதமாகப் பேசும். எரியவே இல்லை என்றால் கரண்ட் வரவில்லை. வெள்ளையோ நீலமோ நிலையாக எரிந்தால் மானிட்டர் முழித்திருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் எரிந்தாலோ விட்டு விட்டு எரிந்தாலோ தூங்குகிறது, அதாவது சிக்னல் எதுவும் தனக்கு வரவில்லை என்று சொல்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் கொஞ்சம் மாறும், ஆனால் கணக்கு இதுதான்.

லைட்டே இல்லையா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்பாதீர்கள், சுவரில் இருக்கிற பிளக்கில் நேராகச் செருகுங்கள். நம் வீடுகளில் ஒரே பாக்ஸில் வைஃபை, ஸ்பீக்கர், சார்ஜர் எல்லாம் தொங்கிக்கொண்டு உள்ளே இருக்கிற பித்தளைப் பட்டை தளர்ந்து போயிருக்கும். அடுத்தது பவர் கார்டு. மானிட்டருக்குள்ளேயே பவர் சப்ளை இருக்கிற மாடல் என்றால் பெரும்பாலும் சிபியுவுக்குப் போகிற அதே மாதிரி கார்டுதான் அதற்கும், அதனால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்த்தால் கார்டில் கோளாறா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். வெளியே தனி அடாப்டர் இருக்கிற மாடல் என்றால் அடாப்டரில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படியுங்கள், 19 வோல்ட் என்றோ 12 வோல்ட் என்றோ போட்டிருக்கும். மல்டிமீட்டர் வைத்து அந்த வோல்ட் வருகிறதா என்று பார்க்கலாம். வேறு அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக்கூடாது, கூட இருந்தால் பரவாயில்லை, பின்னின் அளவும் பிளஸ் மைனஸும் பொருந்த வேண்டும். லேப்டாப் அடாப்டர் ஒன்று வீட்டில் கிடக்கிறது, பின் நுழைகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள்.

எந்த நிலையில் இருந்தாலும் ஒருமுறை இதைச் செய்யுங்கள்: மானிட்டரில் இருந்து எல்லா கேபிளையும் உருவுங்கள், பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள், அஞ்சு நிமிஷம் சும்மா விடுங்கள், அப்புறம் பவர் கார்டை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். தூக்கத்திலேயே மாட்டிக்கொண்ட மானிட்டர்கள், முக்கியமாக டிஸ்ப்ளே போர்ட்டில் (எச்டிஎம்ஐ மாதிரி இன்னொரு வகைப் பட இணைப்பு) ஓடுகிறவை, இதிலேயே எழுந்துவிடுவது உண்டு.

கேபிள் இல்லாமல் மானிட்டர் என்ன சொல்கிறது?

இந்த இடம்தான் முக்கியம், அவசரப்படாமல் செய்யுங்கள். பவர் கார்டு மட்டும் இருக்கிற மானிட்டரை ஆன் செய்து முதல் அஞ்சு விநாடி கண் எடுக்காமல் பாருங்கள். கம்பெனி லோகோவோ, சிக்னல் இல்லை என்று ஒரு சின்னப் பெட்டியோ வந்து போக வேண்டும். அது தூங்குவதற்குள் பின்பக்கம் இருக்கிற ஜாய்ஸ்டிக்கையோ மெனு பட்டனையோ அழுத்துங்கள். மெனு தெளிவாக வந்தால் பேனல் நல்லா இருக்கிறது, பின்னால் இருக்கிற வெளிச்சம் நல்லா இருக்கிறது, பவர் போர்டும் நல்லா இருக்கிறது. கேபிள் செருகுகிற போர்ட் ஒன்று மட்டும் அடிபட்டிருக்கலாம், மற்றபடி அந்த மானிட்டர் சாகவில்லை. கோளாறைக் கேபிளிலும் பெட்டியிலும் தேட வேண்டும்.

போன ஆடியில் மேலப்பாளையத்தில் இருந்து ஒரு பையன் பைக்கில் மானிட்டரைக் கட்டிக்கொண்டு வந்தான். மேஜையில் வைத்து ஆன் செய்தேன், லோகோ வந்தது. "லே தம்பி, இது நல்லாத்தானே இருக்கு" என்றேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியையும் எடுத்து வா என்று அனுப்பினேன். வந்ததும் பின்னால் பார்த்தால், பெட்டியைத் துடைப்பதற்காக அவன் அம்மா எல்லா வயரையும் கழற்றியிருக்கிறார், திரும்ப மாட்டும்போது எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டு ஓட்டையில் போயிருக்கிறது.

இது தினமும் நடக்கிற விஷயம். பெட்டியின் பின்பக்கம் மேலே யுஎஸ்பி, ஆடியோ, லேன் எல்லாம் கூட்டமாக இருக்கிற இடத்தில் உள்ள எச்டிஎம்ஐ ஓட்டை மதர்போர்டுடையது. அதற்குக் கீழே தனியாக ஒரு தகட்டில் மூன்று நாலு ஓட்டைகள் வரிசையாக இருக்கும், அதுதான் கிராபிக்ஸ் கார்டு. கார்டு போட்ட பெட்டி என்றால் கேபிள் அங்கேதான் போக வேண்டும். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால், உதாரணத்துக்கு 12400எஃப், அதற்குள் படம் காட்டுகிற பகுதியே கிடையாது. ரைசன் 5600-உம் அப்படித்தான், 5600ஜி-யில் உண்டு. இவற்றில் மதர்போர்டு ஓட்டையில் செருகினால் காலம் பூராவும் கறுப்புத் திரைதான்.

அப்புறம் மெனுவுக்குள் இன்புட் எதில் நிற்கிறது என்று பாருங்கள். கேபிள் டிஸ்ப்ளே போர்ட்டில் இருக்கும், மானிட்டர் எச்டிஎம்ஐ 2-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்டோ என்று வைத்திருந்தாலும் சில மானிட்டர்கள் சரியாகக் கண்டுபிடிப்பதில்லை, கையாலேயே மாற்றுங்கள்.

கேபிளும் வீட்டு டிவியும்

கேபிளைச் சோதிக்க தனிக் கருவி எதுவும் வேண்டாம், ஹாலில் இருக்கிற டிவி போதும். பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அதே எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் பெட்டியும் நல்லது, கேபிளும் நல்லது. வராவிட்டால் கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள், செட்டாப் பாக்ஸில் ஒன்று இருக்கும். புதுக் கேபிளிலும் டிவியில் வரவில்லை என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. வேகம் கூடின மானிட்டருக்குப் பழைய எச்டிஎம்ஐ கேபிள் தாங்காது. 4கே படத்துக்கு எச்டிஎம்ஐ 1.4 விநாடிக்கு 30 படம்தான் தரும், 2.0 என்றால் 60, 2.1 என்றால் 120. கேபிள் தரமில்லை என்றால் 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 படத்தில், ஒழுங்காக ஓடும், 144 வைத்த உடனே திரை கறுத்துப் போகும் அல்லது நடுநடுவே கண் சிமிட்டுகிற மாதிரி அணைந்து எரியும். விளையாட்டு நடுவில் மட்டும் படம் போய்ப் போய் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளைத்தான்.

டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் இன்னொரு விஷயம். அதில் 20-ஆவது பின் என்று ஒன்று இருக்கிறது, 3.3 வோல்ட் வருகிற பின். முறையான கேபிளில் அந்தப் பின்னை ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு இணைக்கவே கூடாது. மலிவாகச் செய்கிற சில கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள், மானிட்டரின் கரண்ட் கிராபிக்ஸ் கார்டுக்குள் போய்ப் பெட்டியே ஆன் ஆகாமல் மக்கர் பண்ணும். மானிட்டர் டப்பாவில் கூட வந்த கேபிளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இன்னொன்று, என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளைப் புது மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட் வழியாக மாட்டினால் விண்டோஸ் வரும் வரை திரை கறுப்பாகவே இருக்கிற ஒரு கோளாறு உண்டு. அதற்கு என்விடியாவே ஒரு ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கிற மென்பொருளுக்கு ஒரு திருத்தம், விட்டிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் 1060 வாங்கினவர்கள் கவனியுங்கள், எச்டிஎம்ஐயில் போட்டு படத்தை வரவைத்து அந்த அப்டேட்டை ஓட்டிவிட்டு, அப்புறம் டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாறுங்கள்.

பெட்டிக்குள்

டிவியிலும் படம் வரவில்லையா, சரி, ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். பவர் கார்டை உருவிவிட்டு, பெட்டியின் ஆன் பட்டனை ஒருமுறை அழுத்தி விடுங்கள், மிச்ச கரண்ட் போகும். இரும்பு ஜன்னல் கம்பியையோ பெட்டியின் பெயின்ட் இல்லாத இடத்தையோ தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள்.

மதர்போர்டு ஓரத்தில் நாலு குட்டி லைட்டுகள் இருக்கிறதா பாருங்கள், பக்கத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும். எல்லா போர்டிலும் இருக்காது, ஆனால் கேமிங் போர்டுகளில் நிறைய இருக்கும். பவர் கொடுத்து ஆன் செய்யும்போது எந்த லைட் நின்று எரிகிறதோ அந்த இடத்தில்தான் பெட்டி திக்கி நிற்கிறது. சிபியு லைட் என்றால் பிராசசர், டிராம் என்றால் ரேம், விஜிஏ என்றால் கிராபிக்ஸ் கார்டு, பூட் என்றால் விண்டோஸ் ஏறுகிற டிஸ்க். ஒரு எச்சரிக்கை: டிடிஆர்5 ரேம் போட்ட புது ரைசன் பெட்டிகள் முதல் தடவை ஆன் ஆகும்போதும், பயாஸ் (பெட்டி ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற மதர்போர்டு மென்பொருள்) மாற்றிய பிறகும், ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிஷங்கள் எடுக்கும். அந்த நேரம் திரை கறுப்பாகத்தான் இருக்கும். பதறி அணைத்து அணைத்துப் போட்டால் அது முதலில் இருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் விட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

நம் பக்கத்தில் படம் வராத பெட்டிகளில் நான் அதிகம் பார்ப்பது ரேம்தான். உவரி, கூட்டப்பனை, கூடங்குளம் என்று கடலோரத்தில் இருந்து வருகிற பெட்டிகளில் உப்புக் காற்று பட்டு, ரேமின் அடியில் இருக்கிற தங்க நிறப் பட்டைகள் மங்கி, தேய்ந்த செப்புக் காசு மாதிரி ஆகியிருக்கும். பவரை உருவிவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பையும் தள்ளி ரேமை எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ஸ்கூல் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரால் அந்தப் பட்டைகளை ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் கறுப்பாகும், பட்டை பளிச்சென்று வரும். தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டிலும் ஒருமுறை ஊதுபம்பால் காற்றடியுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். திரும்ப வைக்கும்போது கிளிப் டக் என்று தானாக மூட வேண்டும், அந்தச் சத்தம் கேட்காவிட்டால் ரேம் உட்காரவில்லை என்று அர்த்தம். முதலில் ஒரே ஒரு ரேமை மட்டும், பிராசசரில் இருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டு ரேம் என்றால் இரண்டாவதும் நாலாவதும்.

கிராபிக்ஸ் கார்டையும் இதேபோல ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். ஸ்லாட்டின் முனையில் ஒரு கொண்டி இருக்கும், அதை அழுத்தாமல் கார்டை இழுத்தால் ஸ்லாட் உடையும். கார்டின் தலையில் எஸ்எம்பிஎஸ்ஸில் (பெட்டிக்குள் இருக்கிற பவர் சப்ளை) இருந்து வருகிற 6 அல்லது 8 பின் வயர் கடைசி வரை உள்ளே போயிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். கனமான கார்டுகள் நாள்பட ஒரு பக்கம் தொங்கிவிடும், அடியில் ஒரு முட்டுக் கொடுத்தால் நல்லது.

அப்படியும் வரவில்லை என்றால் சிமாஸ் கிளியர் செய்யுங்கள், அதாவது பயாஸ் செட்டிங்கை அழித்துப் பழையபடி ஆக்குவது. பவரை உருவிவிட்டு மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரியை, அந்த வட்டக் காசு மாதிரி இருக்குமே, அதை எடுத்துப் பத்து நிமிஷம் வெளியே வையுங்கள். வெளியே இருக்கும்போதே மல்டிமீட்டரில் பாருங்கள், 3 வோல்ட்டுக்கு ரொம்பக் கீழே இருந்தால் புதுசு போட்டுவிடுங்கள். ரேம் வேகத்தைக் கூட்டிவைத்துப் படம் போனவர்களுக்கு இது கைமேல் பலன் தரும்.

படம் வந்து வந்து போகிறது என்றால்

ஆன் செய்யும்போது மதர்போர்டு லோகோ வருகிறது, விண்டோஸ் வரும் நேரத்தில் கறுத்துவிடுகிறது என்றால் ஹார்டுவேரை அதிகம் நோண்ட வேண்டாம், டிரைவரோ செட்டிங்கோதான். விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் சேர்த்து அழுத்துங்கள், கிராபிக்ஸ் டிரைவர் ஒருமுறை உதறிக்கொண்டு எழும். விண்டோஸ் பட்டனும் பி (P) பட்டனும் சேர்த்து அழுத்தினால் எந்தத் திரையில் காட்ட வேண்டும் என்ற மெனு வரும், டிவியை இணைத்துவிட்டு இரண்டாவது திரை மட்டும் என்று வைத்துவிட்டு மறந்தவர்கள் இருக்கிறார்கள். இதற்கும் மசியவில்லை என்றால், விண்டோஸ் ஏறும்போதே பவர் பட்டனை அழுத்தி அணைப்பதை மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை வரும், அதில் ஸ்டார்ட்டப் செட்டிங் போய் சேஃப் மோடில் ஏறி, டிரைவரைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதுசாகப் போடுங்கள். ஹெர்ட்ஸை விண்டோஸ் செட்டிங்கில் மாற்றிப் படம் போனால் கையைக் கட்டிக்கொண்டு 15 விநாடி இருங்கள், தானாகப் பழையபடி வரும். கேமுக்குள் மாற்றினால் அப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது.

அரை மணி நேரம் விளையாடியதும் படம் போகிறது, ஃபேன் இரைச்சல் கூடுகிறது என்றால் சூடு. ஆனி, ஆடிக் காற்றில் நம் ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேஜையில் விரலால் பெயர் எழுதலாம், அந்தப் புழுதி அத்தனையும் கிராபிக்ஸ் கார்டுக்குள்தான் போகும். பவரை உருவிவிட்டு அதை ஊதுபம்பால் ஊதி எடுங்கள், ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோளாறு மானிட்டரில்தான் என்று தெரிந்தால்

லோகோவும் இல்லை, மெனுவும் இல்லை, ஆனால் லைட் எரிகிறது. அறையை இருட்டாக்குங்கள், பெட்டியை இணைத்து ஆன் செய்து, போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகான்களோ எழுத்துகளோ மங்கலாக நிழல் போலத் தெரிந்தால் படம் உருவாகிறது, பின்னால் வெளிச்சம் தருகிற எல்இடி பட்டையோ அதற்குக் கரண்ட் தருகிற பகுதியோதான் போயிருக்கிறது. இது ரிப்பேர் ஆகிற கோளாறு. ஓஎல்இடி மானிட்டரில் பின் வெளிச்சமே கிடையாது, இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது. டார்ச்சிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் போர்டிலோ பேனலுக்குப் போகிற ரிப்பன் கேபிளிலோ பார்க்க வேண்டும். மை கொட்டியது போல் கறை படர்ந்திருந்தால் பேனல் உடைந்துவிட்டது, புதுப் பேனல் விலைக்குக் கிட்டத்தட்ட புது மானிட்டரே வந்துவிடும், அதில் பணம் போட வேண்டாம்.

வாரன்டி இருந்தால் திறக்கவே திறக்காதீர்கள். பல கம்பெனிகள் 3 வருஷம் தருகின்றன, பில்லைத் தேடுங்கள். வாரன்டி முடிந்து, மின்சார வேலை பழக்கம் உள்ளவர் என்றால் மட்டும் மேலே படியுங்கள். பவர் சப்ளை உள்ளே இருக்கிற மானிட்டரில் தடியாக ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதியிருக்கும். 230 வோல்ட் வீட்டு மின்சாரம் டிசியாக மாறி அதில் சுமார் 325 வோல்ட் நிற்கும், பிளக்கை உருவின பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். ஆளைத் தூக்கி எறியும், உயிருக்கே ஆபத்து. அரை மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரில் அளந்து, இறங்கிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற சின்னக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பணியாரம் மாதிரி உப்பியிருந்தாலோ அடியில் பழுப்புப் பசை கசிந்திருந்தாலோ அதுதான் வியாதி. அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது ஒரு படி கூட, 105 டிகிரி என்று போட்டது வாங்கி, பட்டை போட்ட மைனஸ் பக்கம் மாறாமல் சால்டரிங் செய்தால் போதும். பாகத்தின் விலை மிகக் குறைவு.

வெள்ளமும் இடியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு அடுத்த வாரங்களில் சேறு அப்பிய மானிட்டர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு விஷயம் உறுதியானது: காப்பாற்ற முடிந்தவை, நனைந்த பிறகு யாரும் ஆன் செய்து பார்க்காதவை. வேலை செய்கிறதா என்று ஒரே ஒரு தடவை பிளக்கைச் செருகினவர்களுடைய போர்டு கருகியிருந்தது. நனைந்தால் பிளக் பக்கமே போகாதீர்கள். போர்டைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, நிழலில் ஃபேன் காற்றில் பல நாள் காய வையுங்கள். அரிசி மூட்டையில் வைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது, மொட்டை மாடி வெயிலில் போடுவது எதுவும் வேண்டாம். திரையின் அடுக்குகளுக்குள் தண்ணீர் போயிருந்தால் கறை நிற்கும், அது போகாது.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கை உருவுங்கள், லேன் கேபிளையும் உருவுங்கள், டிவியோடு எச்டிஎம்ஐ இணைப்பு இருந்தால் அதையும். மெனு வருகிறது, ஒரு எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் செத்திருக்கிறது என்று மழைக்காலத்தில் வருகிற மானிட்டர்கள் பெரும்பாலும் இப்படி அடிபட்டவை. இன்னொரு போர்ட் உயிரோடு இருந்தால் அதிலேயே ஓட்டலாம்.

கடைக்குக் கொண்டுபோவது என்று முடிவானால், லைட் என்ன நிறம், லோகோ வந்ததா, டார்ச்சில் என்ன தெரிந்தது, டிவியில் படம் வந்ததா, இந்த நாலையும் எழுதிக் கொடுங்கள். மெக்கானிக் இதைப் பார்த்தாலே நேராகக் கோளாறுக்குப் போவார், தேவையில்லாத பாகம் மாற்றச் சொன்னால் நீங்களும் கேள்வி கேட்கலாம். அம்பாசமுத்திரம், தென்காசி பக்கம் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் மானிட்டரைப் படுக்க வைத்து லக்கேஜ் இடத்தில் தள்ளிவிடாதீர்கள். ஸ்டாண்டைக் கழற்றி, திரைக்கு மேல் கெட்டி அட்டை வைத்து, பழைய போர்வையில் சுற்றி, நிமிர்த்தி மடியிலோ முழங்காலுக்கு நடுவிலோ பிடித்துக்கொண்டு வாருங்கள். பவர் கார்டு, அடாப்டர், நீங்கள் பயன்படுத்துகிற அதே வீடியோ கேபிள் மூன்றும் பையில் இருக்கட்டும்.